வெளிநாட்டில் கணவர் திடீரென இறந்துவிட்டால், அந்தக் குடும்பத்துக்கு அக்கம்பக்கத்தார் என்ன செய்யலாம்?

கேள்வி சுருக்கமாக இது. அமெரிக்காவில் டாலஸ் பக்கம் ஓர் அபார்ட்மெண்ட் வளாகம். அங்கே இருந்த தமிழ்க் குடும்பத்தில் 38 வயதுக் கணவர், நேற்று முன்தினம் விடியற்காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று எழுந்து உட்கார்ந்தவர், ஆம்புலன்ஸ் வருவதற்குள் போய்விட்டார். அவர் எச்-1பி என்ற வேலை விசா, மனைவி அதைச் சார்ந்த எச்-4. பையனுக்கு 8 வயது, பெண் குழந்தைக்கு 3. சொந்தபந்தம் எல்லாம் தஞ்சாவூர்ப் பக்கம். "எங்களில் யாருக்கும் இதில் அனுபவம் இல்லை. வீடு நிறைய ஆள் இருக்கிறோம், ஆனால் யார் என்ன செய்வதென்று தெரியவில்லை" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் டெக்சாஸுக்கு வந்து 19 வருடம் ஆகிறது. இப்படி ஆறு வீடுகளில் கூட நின்றிருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. ஆனால் எந்த இடத்தில் வக்கீலைக் கூப்பிட வேண்டும் என்று அந்த ஆறு வீடுகளும் கற்றுக்கொடுத்திருக்கின்றன.

நீங்கள் எழுதியதிலேயே விஷயம் இருக்கிறது: வீடு நிறைய ஆள். முதல் பத்து நாளுக்கு ஆளுக்குப் பஞ்சமே இருக்காது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, சாப்பிட்ட கையோடு எல்லாரும் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிய பிறகுதான் அந்தப் பெண் தனியாக உட்காருவார். அவருக்கு வரும் கடிதங்களும் கெடுத் தேதிகளும் அதற்கப்புறம்தான் வரும். அதனால் இருக்கிற ஆட்களை முதல் வாரத்திலேயே மொத்தமாகச் செலவழித்துவிடாதீர்கள். இன்றே மூன்று பேரைப் பிரித்து வையுங்கள். ஒருவர் காகிதங்களுக்கு. ஒருவர் பணத்துக்கு. ஒருவர், கட்டாயம் ஒரு பெண், அந்தப் பெண்ணின் பக்கத்திலேயே இருக்க. மற்றவர்கள் எல்லாரும் இந்த மூவரிடம்தான் பேச வேண்டும், அவரிடம் அல்ல. ஒரே கேள்வியை நாற்பது பேர் கேட்டு, நாற்பது முறை அந்த விடியற்காலையை அவர் திரும்பச் சொல்வதை நான் பார்த்திருக்கிறேன்.

முதலில் உடல் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். வயது குறைந்தவர் வீட்டில் திடீரென இறந்தால் மரணக் காரணத்தை விசாரிக்கும் கவுண்டியின் மெடிக்கல் எக்ஸாமினர் அலுவலகம் எடுத்துக்கொள்ளும். போலீஸ் வந்து கேள்வி கேட்டிருப்பார்கள். அது வழக்கமான நடைமுறைதான், யார் மேலும் சந்தேகம் இல்லை என்று அந்தப் பெண்ணிடம் யாராவது தெளிவாகச் சொல்லுங்கள். நம் ஊர் நினைப்பில் "போஸ்ட்மார்ட்டம் வேண்டாம்" என்று சிலர் போராடுவார்கள். குடும்பத்தின் ஆட்சேபத்தைத் தெரிவிக்கலாம், ஆனால் முடிவு அவர்கள் கையில். அதோடு ஒன்று: காரணம் தெளிவாக எழுதப்பட்ட சான்றிதழ் பின்னால் இன்சூரன்ஸுக்கு உதவும். ரத்தப் பரிசோதனை முடிவுகள் வர வாரக்கணக்கில் ஆகலாம், அதுவரை காரணம் நிலுவை என்று போட்டே சான்றிதழ் வரும்.

அடுத்தது ஃபியூனரல் ஹோம், அதாவது இறுதிச் சடங்கு ஏற்பாடுகளைச் செய்யும் நிறுவனம். முதலில் போன் எடுத்த இடத்திலேயே கையெழுத்துப் போட வேண்டியதில்லை. 1984 முதல் அமெரிக்க மத்திய அரசின் விதி ஒன்று இருக்கிறது. நேரில் போனால் ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனி விலை போட்ட பட்டியலைக் கையில் கொடுத்தாக வேண்டும், போனில் கேட்டாலும் விலை சொல்ல வேண்டும். சடங்கு எதுவும் இல்லாமல் நேராகத் தகனம் செய்வதற்குச் சவப்பெட்டி வாங்கியே ஆக வேண்டும் என்று சொல்லக்கூடாது. மூன்று இடம் விசாரியுங்கள். விலை வித்தியாசத்தைப் பார்த்தால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். இந்துக் குடும்பங்களைப் பார்த்துப் பழகிய இடமாக இருந்தால் இன்னும் நல்லது. வாய்க்கரிசி, நெய்ப்பந்தம் என்று நாம் சொல்லும்போது மிரளாமல், எது முடியும், எது தீயணைப்பு விதிப்படி முடியாது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். டெக்சாஸில் இறந்து 48 மணி நேரம் ஆகாமல் பொதுவாகத் தகனம் செய்ய முடியாது என்பதையும் ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். "இன்னுமா எடுக்கலை?" என்று அங்கிருந்து போன் வந்துகொண்டே இருக்கும்.

தகன இடத்தைப் பற்றி ஒன்று. இங்கே கொள்ளி என்பது ஒரு பச்சை பட்டன். நான் போன மூன்றாவது வீட்டில் பையனுக்கு 9 வயது. வேட்டியை இறுக்கிக் கட்டி, மேலே ஜாக்கெட் போட்டு நிறுத்தியிருந்தோம். ஐயர் மந்திரம் சொல்லி முடித்ததும் "அமுக்குப்பா" என்றார் ஒருவர். அவன் சுவரைப் பார்த்தான், அந்தப் பெட்டியைப் பார்த்தான், "இதை அமுக்கினா அப்பாவுக்கு என்ன ஆகும்?" என்று கேட்டான். இருபது பேர் நின்ற அறையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் அவன் சித்தப்பா முறை ஆக வேண்டிய ஒருவர் அவன் கையைப் பிடித்து, தன் விரலால் அமுக்கினார். உங்கள் பையனுக்கு 8 வயது. முந்தின நாளே அவனை உட்கார வைத்து, என்ன நடக்கும், எது கேட்கும், எது தெரியும் என்று எளிய வார்த்தையில் சொல்லுங்கள். வரமாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். பட்டனை யார் அமுக்கினாலும் அப்பாவுக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

இப்போது பெரிய கேள்வி: உடலை ஊருக்கு அனுப்புவதா, இங்கேயே தகனம் செய்து அஸ்தியை எடுத்துப் போவதா? ஊரிலிருந்து அம்மா "என் புள்ள மூஞ்சியை ஒரு தடவை பாக்கணும்" என்று அழுவார். அந்த அழுகைக்கு முன்னால் எந்த நியாயமும் நிற்காது. நீங்கள் யாரும் இதில் கருத்து சொல்லாதீர்கள். ஆனால் முடிவு எடுக்கும் முன் அந்தப் பெண்ணுக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும். உடலோடு அவரும் குழந்தைகளும் விமானம் ஏறினால், திரும்பி வருவது எப்படி என்ற கேள்வி அந்த நிமிடமே தொடங்கிவிடும். எச்-4 விசா கணவரின் எச்-1பியைப் பிடித்துக்கொண்டு தொங்குவது. அவர் போனதும் அதற்குப் பிடிமானம் இல்லை. பாஸ்போர்ட்டில் இன்னும் இரண்டு வருடம் விசா ஸ்டாம்ப் இருக்கிறதே என்று நம்பிப் போகக்கூடாது.

இது ஏட்டளவு பயம் இல்லை. 2017 பிப்ரவரியில் கான்சஸ் மாநிலம் ஒலேத்தாவில் ஸ்ரீநிவாஸ் குச்சிபோட்லா என்ற இந்திய என்ஜினியரை இனவெறியில் ஒருவன் சுட்டுக் கொன்றான். அவர் மனைவி சுனயனா துமாலா இறுதிச் சடங்குக்காக ஹைதராபாத் போனார். போன இடத்தில்தான், கணவரோடு சேர்ந்து தன் விசா தகுதியும் போய்விட்டது, திரும்பி வர வழியில்லை என்பது அவருக்கு உறைத்தது. அந்தத் தொகுதியின் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) உறுப்பினராக இருந்த கெவின் யோடர் தலையிட்டு, தற்காலிக அனுமதி வாங்கிக் கொடுத்த பிறகுதான் வர முடிந்தது. நாடே பார்த்த ஒரு வழக்கில் இந்த நிலைமை. மாரடைப்பில் போனவரின் மனைவிக்குச் செய்தித்தாள் எதுவும் துணைக்கு வராது. ஆனால் காங்கிரஸ் உறுப்பினரின் தொகுதி அலுவலகம் வரும். குடியுரிமை இல்லாதவர்கள், ஓட்டுப் போடாதவர்கள் என்றெல்லாம் பார்க்காமல், தொகுதியில் வசிப்பவர் என்றாலே அவர்கள் இந்த மாதிரி கேஸ்களை எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் இணையதளத்தில் ஒரு சம்மதப் படிவம் இருக்கும். அதை இந்த வாரமே நிரப்பிவிடுங்கள்.

கூடவே ஒரு குடிவரவு வக்கீலிடம் ஒரு மணி நேரம் வாங்குங்கள். கணவரின் கம்பெனி வக்கீல் போதாது. அவர் கம்பெனிக்கு வக்கீல். கேட்க வேண்டிய முதல் கேள்வி, கிரீன் கார்டு வேலை எந்தக் கட்டத்தில் இருந்தது என்பது. 2009 அக்டோபரில் குடிவரவுச் சட்டத்தில் 204(எல்) என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். மனுதாரரோ முதன்மைப் பயனாளியோ இறந்துபோனால் குடும்பத்தின் மனுவும் சேர்ந்து சாக வேண்டியதில்லை என்பது அதன் சாரம். வேலை வழியாகப் போட்ட மனுவில் இருக்கும் மனைவி, குழந்தைகளுக்கும் அது பொருந்தும். நிபந்தனை: இறந்த நேரத்தில் அவர்கள் அமெரிக்காவில் வசித்திருக்க வேண்டும், தொடர்ந்து வசிக்கவும் வேண்டும். ஐ-485 என்ற கடைசிக் கட்ட கிரீன் கார்டு விண்ணப்பம் போட்டுக் காத்திருந்த குடும்பம் என்றால் இது பெரிய கைத்தாங்கல். கம்பெனி போடும் ஐ-140 மனு மட்டும் அப்ரூவ் ஆகியிருந்தால் வரிசையில் இடம் காப்பாற்றப்படலாம், ஆனால் இந்தியர்களுக்கு அந்த வரிசை எவ்வளவு நீளம் என்று உங்களுக்கே தெரியும். அதுவரை இங்கே தங்குவதற்கு வேறு விசா தகுதி தேவை. எதுவுமே தொடங்கவில்லை என்றால் பொதுவாகச் சொல்லப்படும் வழி, ஐ-539 படிவத்தில் பி-2 என்ற விசிட்டர் தகுதிக்கோ, படிக்கப் போவதாக இருந்தால் எஃப்-1க்கோ மாற்றக் கேட்பது. "60 நாள் கிரேஸ் பீரியட் இருக்கு, மெதுவா பாத்துக்கலாம்" என்று யாராவது சொல்வார்கள். அந்த 60 நாள் வேலை போனவர்களை மனதில் வைத்து எழுதிய விதி. இறந்துபோனவர் குடும்பத்துக்கென்று அதில் தனியாக ஒரு வரி கிடையாது. அதை நம்பி உட்கார வேண்டாம். இன்னொரு தப்பான நம்பிக்கை, சின்னவள் இங்கே பிறந்த சிட்டிசன், அதனால் அம்மாவும் இருக்கலாம் என்பது. அந்தக் குழந்தைக்கு 21 வயது ஆன பிறகுதான் அம்மாவுக்காக மனுப் போட முடியும்.

அவரே ஊருக்கே போய்விடுகிறேன் என்று முடிவெடுத்தால், தாராளமாகப் போகட்டும். அது தோல்வி இல்லை. ஆனால் தெரிந்து எடுத்த முடிவாக இருக்கட்டும்.

உடல் ஊருக்குப் போவதாக இருந்தால் டெக்சாஸுக்கு ஹூஸ்டன் கான்சுலேட். மரணம் போன்ற அவசரத்துக்கு என்றே தனி எண் அவர்கள் தளத்தில் இருக்கும், விடுமுறை நாளிலும் எடுப்பார்கள். இறப்புச் சான்றிதழ், உடல் பதப்படுத்தப்பட்டது என்றும் தொற்று நோய் இல்லை என்றும் ஃபியூனரல் ஹோம் தரும் கடிதங்கள், ரத்து செய்வதற்காக அவருடைய பாஸ்போர்ட், இவற்றை வாங்கிக்கொண்டு தடையில்லாச் சான்று கொடுப்பார்கள். இந்தியப் பக்கம் விமான நிலையச் சுகாதார அனுமதிக்கு 2023இல் இ-கேர் என்று ஒரு இணையதளம் வந்திருக்கிறது. கையில் பணமே இல்லாத நிலை என்றால் கான்சுலேட்டில் இந்தியச் சமூக நல நிதி என்று ஒன்று 2009 முதல் இருக்கிறது, கேளுங்கள். அமெரிக்காவில் அது சுலபமாகக் கிடைத்து நான் பார்த்ததில்லை, ஆனால் கேட்காமல் விடக்கூடாது. சென்னை விமான நிலையத்திலிருந்து சொந்த ஊர் வரை கொண்டுபோகத் தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத் துறையிடம் உதவி கேட்கலாம். டீம் எய்ட் என்ற தன்னார்வ அமைப்பு இந்த வேலைகளுக்கென்றே அமெரிக்கா முழுக்க ஆட்கள் வைத்திருக்கிறது. நீங்கள் முதல் முறை செய்வதை அவர்கள் பலமுறை செய்தவர்கள், அவர்களோடு பேசிவிட்டே தொடங்குங்கள்.

அஸ்தி என்றால் வேலை குறைவு. ஆனால் உலோகச் சொம்பில் வைத்து எடுத்துப் போகாதீர்கள். விமான நிலைய எக்ஸ்ரேயில் உள்ளே தெரியாவிட்டால் விடமாட்டார்கள், திறந்து பார்க்கவும் மாட்டார்கள். மரப்பெட்டி, பிளாஸ்டிக் பெட்டி சரி. ஊருக்குப் போன பிறகு சொம்புக்கு மாற்றிக்கொள்ளலாம். கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், தகனச் சான்றிதழும் இறப்புச் சான்றிதழும் கான்சுலேட் கடிதமும் அதோடு. சின்னவளுக்கு ஓசிஐ (இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) இல்லையென்றால் அவளுக்கு இந்திய விசா வேண்டும். கடைசி நேரத்தில் எல்லாரும் மறப்பது இதைத்தான்.

ஊரிலிருந்து பெற்றோர் வர வேண்டுமென்றால், சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் இறுதிச் சடங்குக்கு அவசர நேர்காணல் உண்டு. முதலில் டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பத்தை நிரப்பி, கட்டணம் கட்டி, சாதாரணமாக ஒரு தேதி எடுத்துவிட்டுத்தான் அவசரக் கோரிக்கை வைக்க முடியும். இறந்தவர் விவரம், சடங்கு நாள், தொடர்பு எண் எல்லாம் எழுதிய ஃபியூனரல் ஹோம் கடிதம் தேவை. அதனால்தான் ஃபியூனரல் ஹோமை ஆரம்பத்திலேயே சொன்னேன்.

இறப்புச் சான்றிதழ் எத்தனை பிரதி என்று கேட்பார்கள். பதினைந்து என்று சொல்லுங்கள். டெக்சாஸில் முதல் பிரதி 20 டாலர், கூடவே வாங்கும் ஒவ்வொன்றும் 3 டாலர். இன்சூரன்ஸ், 401(கே) என்ற ஓய்வுக்கால சேமிப்பு, வங்கி, கார், கான்சுலேட் என்று ஒவ்வொருவரும் அசல் கேட்பார்கள். அதில் இரண்டை ஆஸ்டினில் மாநிலச் செயலர் அலுவலகத்துக்கு அனுப்பி அப்போஸ்டில், அதாவது வெளிநாட்டில் செல்லும்படியான முத்திரை, வாங்கி வையுங்கள். ஊரில் வாரிசுச் சான்றிதழுக்கும் நிலப் பட்டாவுக்கும் தாசில்தார் அலுவலகத்தில் அது வேண்டும். ஊர்ச் சொத்து என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. உயில் எழுதாமல் போன இந்து ஆணின் சொத்தில், 1956 வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, பிள்ளைகள், அம்மா எல்லாருக்கும் சம பங்கு. அப்பாவுக்கு முதல் வகுப்பில் இடம் இல்லை. இதைப் பற்றி யாரும் முப்பது நாளுக்குள் வாயைத் திறக்க வேண்டாம். ஆனால் மூன்றாம் வாரம் யாரோ ஒருவர் கட்டாயம் திறப்பார். அப்போது அந்தப் பெண் எதிலும் கையெழுத்துப் போடாமல் இருக்க, பக்கத்தில் நீங்கள் நியமித்த காகிதக்காரர் இருக்க வேண்டும்.

பணம் திரட்டுவது. இணையத்தில் நன்கொடை திரட்டும் கோஃபண்ட்மீ பக்கம் ஒன்றே ஒன்று, அதுவும் அந்தப் பெண்ணின் சம்மதத்தோடு, பணம் நேராக அவர் கணக்குக்குப் போகும்படி அவரையே பயனாளியாகப் போட்டு. உங்கள் கணக்கில் வாங்கிப் பிறகு கொடுக்கிறேன் என்று தொடங்காதீர்கள். நீங்கள் உத்தமராகவே இருந்தாலும், ஆறு மாதம் கழித்து யாராவது கணக்குக் கேட்பார்கள். ஒவ்வொரு நன்கொடையிலும் 2.9 சதவிகிதமும் 30 சென்ட்டும் கழியும். அதற்கு மேல் தளம் கேட்கும் 'டிப்' கட்டாயமில்லை, சைபர் போடலாம் என்று கொடுப்பவர்களுக்குச் சொல்லுங்கள். எழுதும்போது "நடுத்தெருவில் நிற்கிறது குடும்பம்" என்றெல்லாம் எழுத வேண்டாம். அவர் படித்த பெண், அதை அவரே வாசிப்பார். பத்து வருடம் கழித்து பையன் அப்பா பெயரைத் தேடும்போது முதலில் வருவதும் அதுவாகத்தான் இருக்கும். விசா விவரமும் வீட்டு முகவரியும் பொதுவெளிக்குத் தேவையில்லாதவை. இன்சூரன்ஸ் பணம் வருமே, எதற்கு வசூல் என்று ஒரு கூட்டம் பேசும். இன்சூரன்ஸ் வர மாதக்கணக்கில் ஆகலாம், வாடகை ஒன்றாம் தேதி வரும். அவ்வளவுதான் பதில்.

அதே சமயம், உரிமையாக வர வேண்டிய பணத்தை யாரும் கேட்காமலே விட்டுவிடுவதையும் பார்க்கிறேன். கம்பெனி எச்ஆருக்கு ஒரே மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள்: கடைசிச் சம்பளம், மீதமிருந்த விடுமுறைப் பணம், குரூப் லைஃப் இன்சூரன்ஸ், விபத்துக் காப்பீடு, 401(கே), பங்குகள், ஹெல்த் இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை. கோப்ரா என்ற ஏற்பாட்டில், முழுப் பிரீமியத்தையும் நாமே கட்டுவதாக இருந்தால், மனைவி குழந்தைகளுக்கு அதே இன்சூரன்ஸ் 36 மாதம் வரை நீளும். முடிவு சொல்ல 60 நாள் கெடு. 401(கே) பொதுவாக, மனைவி எழுதிக் கொடுத்து விட்டுக்கொடுத்திருந்தால் தவிர, மனைவிக்குத்தான்.

சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியத் திட்டத்தை நம்மவர்கள் மறந்தே போவார்கள். "நாம சிட்டிசன் இல்லையே" என்பார்கள். ஒவ்வொரு சம்பளத்திலும் பிடித்தார்களே, அது இதற்கும் சேர்த்துத்தான். கடைசி மூன்று வருடத்தில் ஒன்றரை வருடம் வேலை செய்திருந்தாலே, 18 வயது வரை, பள்ளியில் இருந்தால் 19 வரை, பிள்ளைகளுக்கு மாதப் பணம் உண்டு. 16 வயதுக்குட்பட்ட பிள்ளையை வளர்க்கும் தாய்க்கும் உண்டு. குடும்பத்துக்கு மொத்தமாக ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். சட்டப்படி இங்கே தங்கியிருப்பது நிபந்தனை, ஊர் திரும்பினால் வேறு நிபந்தனைகள் சேரும். எதுவானாலும் கிளம்புவதற்கு முன் விண்ணப்பம் போட்டுவிடுங்கள். தாமதமாகப் போட்டால், கடந்துபோன மாதங்களில் ஆறு மாதத்துக்கு மேல் பொதுவாகத் தரமாட்டார்கள். மனைவிக்கு ஒரு முறை மட்டும் தரும் 255 டாலரும் இருக்கிறது. அந்தத் தொகையைக் கேட்டுச் சிரிப்பதா அழுவதா தெரியாது, வாங்கிக்கொள்ளுங்கள்.

கிரெடிட் கார்டுக்காரர்கள் போன் செய்வார்கள். அவர் பெயரில் மட்டும் இருந்த கடனுக்கு மனைவி பொதுவாகத் தன் கைக்காசைக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் டெக்சாஸில் தம்பதியர் பொதுச் சொத்துச் சட்டம் இருப்பதால் கொஞ்சம் சிக்கல். வக்கீலைக் கேட்கும் வரை "கட்டிடறோம்" என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரக்கூடாது.

சாப்பாடு. சாவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்பது நம் வழக்கம், அதனால் இந்த வேலைக்கு எல்லாரும் முண்டியடிப்பார்கள். ஒரு வீட்டில் ஆறாம் நாள் ஃபிரிட்ஜைத் திறந்தேன். பதினோரு டப்பா சாம்பார், அதில் நான்கு முருங்கைக்காய் சாம்பார். பால் இல்லை. குழந்தைக்கு டயப்பர் முந்தின நாள் இரவே தீர்ந்திருந்தது, யாரிடம் கேட்பது என்று கூச்சப்பட்டுக்கொண்டு அந்தப் பெண் ஒரு துண்டைக் கட்டிவிட்டிருந்தார். யார் எந்த நாள் சாப்பாடு கொண்டுவருவது என்று பிரித்துக்கொள்ளும் மீல் டிரெயின் போடுங்கள், ஆனால் முதல் வாரம் தினம் ஒரு வேளை, பிறகு வாரம் மூன்று நாள், மூன்று மாதத்துக்கு. நடுநடுவே 'பால், டயப்பர், பழம்' என்று தனி வரிசை. பிள்ளைகளுக்குப் பாஸ்தாவோ பீட்சாவோ வேண்டுமென்றால் அதுவும் துக்கத்துக்கு ஆகாதது இல்லை.

பக்கத்தில் ஒரு பெண் என்று சொன்னேன் அல்லவா, அவருக்கு ஒரு முக்கியமான வேலை இருக்கிறது: வருகிறவர்களின் வாயை அடைப்பது. அந்த வீட்டிலோ இந்த வீட்டிலோ விசிட்டர் விசாவில் வந்திருக்கும் பெரியவர் யாராவது, பூ, பொட்டு, வளையல், தாலி என்று ஆரம்பிப்பார். போன வருடம் ஒரு வீட்டில் அப்படி இரண்டு பெரியம்மாக்கள் பத்தாம் நாளைப் பற்றி நடுக்கூடத்தில் வாதாடிக்கொண்டிருந்தார்கள். என் மனைவி அந்தப் பெண்ணின் காதோரம் குனிந்து, "உனக்கு என்னம்மா வேணும், சொல்லு" என்றாள். "எனக்குத் தூங்கணும்க்கா" என்றாள் அந்தப் பெண். மூன்று நாளாக ஒருவரும் அவளைத் தனியாக ஒரு அறையில் விட்டிருக்கவில்லை. என் மனைவி கதவைச் சாத்திவிட்டு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். எது செய்வது, எதை விடுவது என்பது அந்தப் பெண்ணின் முடிவு. அவர் வழக்கப்படி எல்லாம் செய்ய விரும்பினால் அதற்கும் துணை நில்லுங்கள். நமக்கு முற்போக்கு என்பதற்காக அவர் நம்பிக்கையைத் தட்டிவிடவும் நமக்கு உரிமை இல்லை.

"பிபி இருந்துச்சா? முன்னாடியே காட்டலையா? வேலை டென்ஷனா?" இந்த மூன்று கேள்வியையும் வாசலிலேயே நிறுத்துங்கள்.

பையனின் பள்ளிக்கு இன்றே ஒரு மின்னஞ்சல் போகட்டும். பள்ளியில் கவுன்சிலர் என்று ஓர் ஆலோசகர் இருப்பார், அவன் திரும்பிப் போகும் நாளில் வகுப்பு ஆசிரியருக்கு விஷயம் தெரிந்திருக்கும். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு இலவசமாகக் குழு நடத்தும் இடங்கள் இங்கே பெரும்பாலான நகரங்களில் உண்டு, கடைசிக் கால நோயாளிகளைப் பராமரிக்கும் ஹாஸ்பிஸ்கள் பலவே நடத்துகின்றன. "இனிமே நீதான் வீட்டுக்கு ஆம்பளை" என்று மட்டும் அவனிடம் யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவனுக்கு எட்டு வயது.

பதினாறுக்குப் பிறகு. இதற்குத்தான் ஆளைச் சேமித்து வைக்கச் சொன்னேன். வாரம் ஒரு நாள், சனிக்கிழமை காலை பத்து மணி என்று வைத்துக்கொள்ளுங்கள், காகிதக்காரர் போய் வந்த தபாலை எல்லாம் பிரித்து, கெடுத் தேதிகளை ஒரு நோட்டில் எழுத வேண்டும். தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று அந்தப் பெண் எழுதி வைக்க வேண்டும். இரண்டாம் மாதம் அதைச் சொல்வது கொடுமையாக இருக்கும், சொல்லியே ஆக வேண்டும். கார் கணவர் பெயரில், இன்சூரன்ஸில் இவர் பெயர் இருக்கிறதா? இவருக்கு ஹைவேயில் ஓட்டத் தெரியுமா? தெரியாதென்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை தெரிந்த பெண் ஒருவர் கூட்டிக்கொண்டு போய்ப் பழக்கட்டும். வருமான வரி, இறந்த வருடத்துக்கு இருவர் பெயரிலும் சேர்த்தே தாக்கல் செய்யலாம்.

இன்னும் சின்ன சின்ன விஷயங்கள் இருக்கின்றன, பட்டியலில் வராதவை. மூன்றாம் மாதம் ஒரு வீட்டுக்குப் போனபோது உள்ளே நுழைந்ததுமே 'கீச்' என்று ஒரு சத்தம். அரை நிமிடம் கழித்து மறுபடி 'கீச்'. ஸ்மோக் அலாரம் பேட்டரி தீர்ந்திருந்தது. எத்தனை நாளாக என்று கேட்டேன். "மூணு வாரமா இருக்கும் அண்ணா. அவர்தான் மாத்துவார். ஏணி எங்க வெச்சிருக்கார்னு தெரியலை" என்றார். இரவெல்லாம் அந்தச் சத்தத்தோடுதான் மூன்று பேரும் தூங்கியிருக்கிறார்கள். "ஏதாவது வேணும்னா கூப்பிடுங்க" என்று எத்தனை பேர் சொல்லிவிட்டுப் போயிருப்போம்! பேட்டரி மாற்றச் சொல்லி யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. போய் நின்றால்தான் காதில் விழும்.

கடைசியாக, இதை வாசித்து முடித்ததும் செய்ய வேண்டியது. இறந்தவருடைய செல்போன் எங்கே இருக்கிறது என்று தேடி சார்ஜில் போடுங்கள். நான் போன இரண்டாவது வீட்டில், பில்லை மிச்சப்படுத்துகிறேன் என்று ஒரு நல்ல மனிதர் நாலாம் நாளே அந்த எண்ணை ரத்து செய்துவிட்டார். வங்கி, 401(கே), கரண்ட் பில், ஊர் வங்கிக் கணக்கு எல்லாவற்றுக்கும் ஓடிபி வருவது அந்த எண்ணுக்குத்தான். அந்த ஒரு ரத்தால் வந்த சிக்கலைச் சரிசெய்ய ஐந்து மாதம் ஆனது. எண்ணை ஒரு வருடத்துக்காவது உயிரோடு வைத்திருங்கள், மாதம் பதினைந்து டாலர் திட்டத்துக்கு மாற்றினால் போதும். வாய்ஸ்மெயிலில் அவர் குரல் இருக்கும். அதை அழிக்காமல் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். சின்னவளுக்கு மூன்று வயதுதானே ஆகிறது.